பறவைகள் போன பிறகு

"பூநாரைகள் இல்லாத பழவேற்காட்டில் எதைப் பார்ப்பது?" சாரணியர் முகாம் மே மாதத்தில் என்று அருட்சகோதரி அறிவித்ததும் நான் முணுமுணுத்தேன். அக்டோபர் முதல் மார்ச் வரைதானே அவற்றின் காலம்!

நினைத்தபடியே ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடந்தது. சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, கோடையில் வற்றிச் சேறு தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையாதலால் கடலில் விசைப்படகுகளும் இல்லை. அன்றிரவு குழம்பு பிடிக்கவில்லை என்று என் சோற்றை யாரும் அறியாமல் கரையில் கொட்டினேன். நள்ளிரவில் காற்றடித்துக் கூடாரம் சாய்ந்தது.

விடியற்காலையில் இருளர் பெண் ஒருவர் ஆழமில்லாத நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியை வாயில் கவ்வியபடி, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கரையேறியதும் கேட்டேன்:

"அக்கா, பறவையும் போயிற்று, பார்க்க வருபவர்களும் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் இந்த வெயிலிலும் வருகிறீர்களே?"

"வயித்துக்கு ஏதும்மா சீசன்?" என்று சிரித்தார்.

பறியில் ஒரு கைப்பிடி இறால்தான் இருந்தது. சாய்ந்த கூடாரத்தைப் பார்த்தவர், "பிள்ளைங்க சாப்பிட்டீங்களா?" என்று அதில் பாதியை நீட்டினார். நான் கொட்டிய சோறு நினைவுக்கு வந்தது. வாங்கக் கை எழவில்லை.

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் விளங்கியது அந்த ஆளில்லாக் கரையில்தான். அன்று சகோதரியிடம் சொல்லத் துணியாததை இன்று இங்கே எழுதிவிட்டேன்.