சிறுநீரகம் எழுதும் ஓலை

அரபு மொழியில் ‘அம்ரு’ என்றால் கட்டளை. ‘இஷாரத்’ என்றால் சைகை. இவ்விரண்டும் நாவும் கையும் உடையவர்க்கே உரியன என்று எண்ணியிருக்கிறோம். நாவில்லாத அணுக்களும் நம் உடலுக்குள் ஓயாது கட்டளை பிறப்பிக்கின்றன, சைகை காட்டுகின்றன.

கெங்கவல்லியில் மரவள்ளி பயிரிட்டு வாழ்ந்த பெரியவர் ஒருவர் எனக்கு மாமா முறை. நெடுநாள் சர்க்கரை நோயால் அவருடைய சிறுநீரகங்கள் நலிந்தன. சோகை கண்டு முகம் வெளிறிற்று. பள்ளிவாசல் படியேறினாலே மூச்சு வாங்கிற்று. வீட்டார் ஈரலும் சுவரொட்டியும் ஆக்கிக் கொடுத்தனர். ஓடும் இரத்தத்தை விலக்கிய மார்க்கம் ஈரலையும் மண்ணீரலையும் ஆகுமாக்கியுள்ளது. அவற்றில் இரும்புச்சத்து மிகுதி என்பதும் மெய். ஆயினும் இரத்தம் ஊறவில்லை. “இவ்வளவு தின்றும் உடம்பில் ஒட்டவில்லையே!” என்று மாமி கலங்கினார்.

குருதி நுரையீரல் வழியே செல்வதை 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நஃபீஸ் எழுதிவைத்தார். அக்குருதியின் செவ்வணுக்கள் யார் ஏவலால் பெருகுகின்றன என்பது அண்மைக் காலத்தில்தான் விளங்கிற்று. ஏவல் பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து பிறக்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள அணுக்கள் அதனை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்னும் சுரப்பை அனுப்புகின்றன. இவ்வுணர்வின் நுட்பத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஓலை எலும்பு மச்சைக்குச் சென்று, இளம் அணுவின் வெளிவாயிலில் உள்ள ஏற்பியைப் பற்றுகிறது, உள்ளே நுழைவதில்லை. வாயிலில் உறங்கும் ‘ஜாக்-2’ என்னும் காவலன் விழிக்கிறான். ‘ஸ்டாட்-5’ என்னும் தூதன் செய்தியை உட்கருவுக்குச் சுமந்து செல்கிறான். செய்தி இதுதான்: “மடியாதே, வளர்.” ஓலை வாராவிடில் இளம் அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துபோகும். பிழைத்தவை ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, தம் உட்கருவையே உதறிவிட்டு, ஏறத்தாழ 120 நாட்கள் பிறருக்காக மூச்சுச் சுமக்கின்றன.

மாமாவின் உடலில் குறைந்தது உணவன்று, ஓலை. எழுதும் கை ஓய்ந்துவிட்டது. ஈரல் செங்கல்லைத் தரும். கட்டு என்னும் உத்தரவைத் தராது.

அவ்வுத்தரவையும் மனிதன் தேடிக் கண்டான். ஜப்பானைச் சேர்ந்த மியாக்கே சோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரைத் திரட்டினார். சிகாகோவில் கோல்ட்வாசர் அவருடன் சேர்ந்து அதிலிருந்து சில மில்லிகிராம் சுரப்பைப் பிரித்தெடுத்து 1977இல் அறிவித்தார். 1989இல் அமெரிக்காவில் அது ஊசி மருந்தாக ஒப்புதல் பெற்றது. மாமாவுக்கும் மருத்துவர் அதனையே இரும்புச்சத்துடன் சேர்த்துக் கொடுத்தார். சில வாரங்களில் முகம் தெளிந்தது.

இம்மருந்திலும் நடுநிலையே நலம். அளவு மிஞ்சினால் குருதி தடித்து உறையும், பக்கவாதமும் நேரலாம். ஆகவே சோகை கண்டவர் உணவை மட்டும் நம்பி நாளைக் கடத்தலாகாது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் சைகையை அறிந்து நடப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.