முழங்கையில் ஒரு படை

தக்கலைப் பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்யச் சட்டைக் கையை மடக்கும்போதெல்லாம், ஓராண்டாக நான் ஒதுக்குப்புறமாகவே அமர்ந்துவந்தேன். முழங்கைகளில் வெண்செதிள் உதிரும் சிவந்த படை. மதரஸாவில் ஒரு சிறுவன், “உஸ்தாத், இது ஒட்டுமா?” என்று கேட்டேவிட்டான். மறுநாள் பின்வரிசைக்கு மாறி அமர்ந்தான். அவனைக் குறை கூறேன். எனக்கே அப்போது விடை தெரியாது.

நாகர்கோவிலில் தோல் மருத்துவர் முதலில் கேட்டது, “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்பதே. இரத்த அழுத்தத்துக்காக உட்கொண்ட அட்டினோலால்! அவ்வின மருந்துகளுக்கு வழிகோலிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். அத்தகைய நன்மருந்தே சிலருக்கு, பல மாதங்கள் கழித்தும், சொரியாசிஸ் போன்ற படையை வருவிக்குமாம். லித்தியமும் குளோரோகுயினும் அவ்வாறே. ஆனால் எவருக்கும் தொற்றாது.

அன்றே மாத்திரைகளை எறிந்துவிட எண்ணினேன். மருத்துவர் தடுத்தார். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறும். சிலருக்கு மாரடைப்பும் நேரலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்து தந்தார். சில மாதங்களில் செதிள் அடங்கிற்று. வலக்கையில் மட்டும் சற்றே கருமை.

அச்சிறுவன் இன்னும் பின்வரிசையில்தான் அமர்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவனுடைய வாப்பாவிடம் பேச வேண்டும்.