மாரிக்குப்பத்திலிருந்து ஒரு பிரயாணம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை என் தாயாரை அழைத்துக்கொண்டு மாரிக்குப்பத்திலிருந்து ஒயிட்பீல்டு வரை ரயிலில் சென்று வந்தேன். காசிக்கும் டில்லிக்கும் சென்று வந்தோர் பிரயாணக் கட்டுரை எழுதுவதுண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். ஆனால் என் தாயார், தகப்பனார் காலமான நாளிலிருந்து அந்த வண்டியில் காலெடுத்து வைத்தவரல்லர். என் தம்பி ஒயிட்பீல்டில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தான். அம்மா வந்து பார்த்துச் சரி என்று சொன்னாலன்றி முன்பணம் கொடுப்பதில்லை என்று அவன் உறுதியாக இருந்தான். அதன் பொருட்டே இப்பிரயாணம்.

விடியற்காலை இருளில் நிலையத்தை அடைந்தோம். சயனைடு மேடுகள் வானத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் அது. காற்றடித்தால் இன்றும் வீட்டுத் திண்ணை வரை வந்து படிகிறது.

இந்தக் கிளைப்பாதை 1894-ஆம் ஆண்டு தங்கத்திற்காகவே போடப்பட்டது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் இங்கு வந்து தொழிலைத் தொடங்கிய பின், சுரங்கத்திற்கு வேண்டிய யந்திரங்களைக் கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது. பவுரிங்பேட்டையில் பிரதான பாதையினின்று பிரிந்து சுமார் பதினாறு கிலோமீட்டர் ஓடி மாரிக்குப்பத்தில் இது முடிகிறது. பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காரப்பேட்டை. மைசூரின் கமிஷனராயிருந்த பவுரிங் துரையின் பெயரை முன்னாளில் தாங்கியிருந்தது. யந்திரங்கள் வந்த வழியிலேயே மனிதர்களும் வந்தார்கள். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சத்திற்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். என் பாட்டனாரின் தகப்பனார் குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து ஒரு போர்வையும் ஒரு செம்புமாக வந்திறங்கினார் என்பது எங்கள் வீட்டில் வழங்கும் கதை. போர்வை போய்விட்டது; செம்பு இன்னும் இருக்கிறது.

வண்டி புறப்படுமுன்பே பெட்டிகள் நிறைந்துவிட்டன. நான் இதே தடத்தில் வேறொரு நிலையத்தில் சீட்டு வழங்கும் குமாஸ்தாவாக இருப்பதால் இந்த முகங்களில் பலவற்றை ஜன்னலின் கம்பிக்கு மறுபுறத்திலிருந்து அறிவேன். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மாதம் ஒரு முறை வருகிறவர்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, முகம் போதும். காவலாளிகள், துணிக்கடைப் பெண்கள், தாதிகள், தொழிற்சாலைப் பையன்கள். யார் எங்கே அமர்வது என்பது எழுதாச் சட்டம். ஏறியவுடன் பாதிப்பேர் உறங்கிவிடுகிறார்கள்; மீதிப்பேர் சீட்டாடுகிறார்கள். அம்மாவைக் கண்டதும் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "எந்த லைன் நீங்க?" என்று கேட்டாள். தங்கவயலில் ஊர் எது என்று எவரும் கேட்பதில்லை. எந்த லைன் என்றுதான் கேட்பார்கள்.

சாம்பியன், ஊரிகம் நிலையங்களிலும் கூட்டம் ஏறிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் பூமிக்குள் இறங்கியது. அதில்தான் என் தகப்பனார் வேலை செய்தார். 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும் ஏற்று நடத்திய சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அப்போது நான் பள்ளிச் சிறுவன். சங்கு ஊதாத காலையில் எப்போது எழுந்திருப்பதென்று தெரியாமல் தெருவே குழம்பி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சில மாதங்கள் கழித்து அப்பா பெங்களூரில் காவலாளி வேலைக்குப் போகத் தொடங்கினார். இதே வண்டி. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புவார்.

பங்காரப்பேட்டையில் பொழுது புலர்ந்தது. மாலை நேரமாயிருப்பின் இவ்வூரின் பானிபூரியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன். தண்ணீரைப்போல் தெளிந்த ரசம் ஊற்றித் தருவது வேறெங்கும் இத்தனை பிரசித்தமில்லை. இங்கிருந்து பெட்டிக்குள் மொழிகள் கலந்துவிடுகின்றன. ஒரே அம்மாள் பூக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசி, பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் நியாயம் கேட்டு, தன் மகனைத் தமிழில் திட்டினாள். நான்கு தலைமுறையாக அயல் மாநிலத்தில் வாழ்கிறோம் என்று கூட்டங்களில் பேசுகிறோம். அந்தப் பெட்டியில் யார் அயலார் என்று எனக்கு விளங்கவில்லை.

டேக்கல் அருகே பாறைகள் யாரோ அடுக்கி வைத்தவைபோல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. மாலூரில் ஓட்டுச் சூளைகள். தேவனகொந்தியில் எண்ணெய்த் தொட்டிகள். அப்புறம் வயல்கள் திடீரென்று நின்று, கண்ணாடிக் கட்டடங்கள் எழுகின்றன.

ஒயிட்பீல்டு 1882-இல் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பயிர்செய்து பிழைப்பதற்கென மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் தோன்றிய சிற்றூர். ஆங்கிலோ-இந்தியர் நம் தங்கவயலிலும் நிறைந்திருந்தனர்; குளிர்ந்த காற்றையும் பங்களாக்களையும் கண்டு நம் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்றழைத்தனர். இன்றோ ஒயிட்பீல்டில் கணினிக் கம்பெனிகள் நிறைந்துவிட்டன. 2023 முதல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஓர் ஊர் பூமிக்குள் இறங்கி உயர்ந்தது, மற்றோர் ஊர் வானத்தை நோக்கி எழுந்து உயர்கிறது.

தம்பி பார்த்திருந்த வீடு நான்காம் மாடியில் இரண்டு அறைகள். வாடகை, அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாங்கள் நுழைந்த சிறிது நேரத்தில் மின்சாரம் நின்று, கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிற்று. அம்மா புன்னகைத்தார். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 92 மைல் கம்பியில் ஓடி முதலில் தங்கவயல் சுரங்கங்களுக்கே வந்தது. பெங்களூர் வீதிகளுக்கு 1905-இல்தான் கிடைத்தது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு மனப்பாடம். வாசலில் தண்ணீர் லாரி நின்றது. "இங்கேயும் லாரித் தண்ணிதானா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரரின் பிள்ளை நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்றறிந்து, "சினிமாவில் காட்டியபடிதான் இருக்குமா உங்கள் ஊர்?" என்றான். 2018-இல் வந்த படத்தைச் சொல்கிறான். அம்மா அதைப் பார்த்ததில்லை. "எங்க ஊர்ல தைலமரம் நிறைய இருக்கும் கண்ணு" என்றார்.

பிறகு தம்பியைப் பார்த்து, "பாப்பா முழிச்சிருக்கிறப்ப நீ பார்த்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அவன் விரலை மடக்கி எண்ணினான். ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர வேறு நாள் அகப்படவில்லை. நாளொன்றுக்கு வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்குமாக ஐந்து மணி நேரம் அவனுக்கு வழியிலேயே போகிறது.

"உங்கப்பா கீழே இறங்கினப்பவும் பகலைப் பார்க்கலே, மேலே வந்து இந்த வண்டியிலே போனப்பவும் எங்களைப் பகல்லே பார்க்கலே. நீ இந்த வீட்டை எடுத்துக்கோ."

தம்பி உள்ளம் பூரித்து, அம்மாவுக்கு எந்த அறை வேண்டுமென்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை வண்டியில் நாங்கள் இருவரும் திரும்பினோம். காலையில் இடம் கொடுத்த பெண்ணும் இருந்தாள். இம்முறை அவள் உறங்கினாள், அவள் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. அம்மா அசையாமல் அமர்ந்திருந்தார். பங்காரப்பேட்டை தாண்டிய பின்புதான் பேசினார்.

"அவங்க போகட்டும். நான் மாசத்துக்கு ரெண்டு தரம் பாப்பாவைப் பார்க்க வர்றேன். சீட்டு நீ குடுக்க மாட்டியா?"

"கொடுக்கிறேன் அம்மா. தனியாக எப்படி இருப்பீர்கள்?"

"தனியா எங்கே இருக்கேன்? லைன்லே இருக்கேன்."

சாம்பியனில் இறங்கினோம். அந்தப் பெண்ணை எழுப்பி, அவள் மாரிக்குப்பம் வரை போகவேண்டியவள் என்றறிந்து மறுபடி தூங்கச் சொல்லிவிட்டு இறங்கினார். தம்பி மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டான். குடியேறிய நாளில் சாமான்களோடு குடியாத்தத்துச் செம்பையும் அம்மா கட்டிக் கொடுத்தார். வண்டி புறப்படும் சமயம் அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.