நாலும் எட்டும்

வாசித்தே பழகிய ஓர் ஊருக்கு, ஐம்பதைத் தாண்டிய வயதில் குடிவந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் குளிர்காலத்தில் அறிந்துகொண்டோம். த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்புகளிலும், சு. கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கிய 'நீலகண்டப் பறவையைத் தேடி' போன்ற நாவல்களிலும் வங்கத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மனிதர்கள் எல்லோரும் எங்களிடம் தமிழில்தான் பேசியிருந்தார்கள். ஆகவே கல்கத்தாவும் அப்படியே பேசும் என்று மனத்தின் ஏதோ ஒரு மூலை நம்பியிருந்தது போலும். வந்திறங்கிய அன்றே அது கலைந்தது.

எங்களில் ஒருவர் வங்கி ஊழியர். பதவி உயர்வோடு மாற்றலும் சேர்ந்து வந்தது. மற்றவர் திருப்பூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு உடன் வந்தார். லேக் மார்க்கெட் அருகே வீடு அமைந்தது. கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப்பொடியும் அங்கே கிடைக்கும். அந்தச் சில தெருக்களுக்குள்ளேயே இரண்டு மாதங்களைக் கழித்துவிட்டோம். பெரிய பலகைகளில் ஆங்கிலம் இருந்தாலும், தனியார் பேருந்துகளின் நெற்றியும் சிறு கடைகளின் விலைப்பட்டியும் வங்க எழுத்தில்தான் இருந்தன. வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு, பேருந்து எங்கே போகிறதென்று அடுத்தவரைக் கேட்க நேர்வது சிறிய அவமானம் அல்ல. ஊருக்கே திரும்ப மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதியாயிற்று. இந்த ஆண்டு குடியரசு நாள் திங்கட்கிழமை வாய்த்தது. செவ்வாயன்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது, அதற்குமுன் மூன்று நாளும் ஊரைச் சாவகாசமாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை, காளிகாட்டில் மெட்ரோ ஏறினோம். 1984இல் இந்தியாவில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய மெட்ரோ இது. மகாத்மா காந்தி சாலையில் இறங்கி நடந்தால் காலேஜ் ஸ்ட்ரீட். நடைபாதையெங்கும் புத்தகங்கள், தோள் உயரத்துக்கு. தொட்டுப் பார்க்கலாம், முகரலாம், புரட்டலாம், படிக்க இயலாது. விருந்து வீட்டில் வாய் கட்டப்பட்டு நின்றதுபோல் இருந்தது. ஆல்பர்ட் ஹால் காப்பி நிலையத்தில், விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பரிசாரகர் 'இன்ஃப்யூஷன்' என்று பால் கலவாத காப்பியைக் கொணர்ந்து வைத்தார். சுற்றிலும் விவாதங்கள். எதைப் பற்றி என்று தெரியாவிட்டாலும், அந்தச் சூடு எங்களுக்குப் பழக்கமானதே.

எதிரே காலேஜ் ஸ்கொயர் குளக்கரையில் வித்யாசாகரின் சிலை இருக்கிறது. அவர் 1855இல் எழுதிய 'வர்ணபரிசய்' என்னும் அரிச்சுவடியை வங்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறார்கள். முதல் பாகம் ஒன்று வாங்கினோம். "பேரனுக்கா?" என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்று தலையசைத்துவிட்டோம்.

ஞாயிறன்று தவறான பேருந்தில் ஏறினோம். எட்டு என்று நாங்கள் படித்தது எட்டு அல்ல. எங்கோ இறங்கி, பசியோடு ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைந்தோம். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்சவெல்லச் சந்தேஷ் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பலகையில் எண்பது என்று கண்டு, ஒன்றுக்கு எண்பது ரூபாய் நீட்டினோம். கடைக்காரர் இரண்டு இருபது ரூபாய்த் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, நான்கு விரல்களைக் காட்டிச் சிரித்தார். அப்போதுதான் விளங்கிற்று. வங்க நாலு, நம் கண்ணுக்கு அப்படியே எட்டு.

நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த ஆசிரியை திடீரென்று நிறுத்தினார். சந்தேஷை அவர் தொடவில்லை.

வீடு வந்த பிறகே சொன்னார். பின்னலாடை வேலைக்கு முர்ஷிதாபாத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று. ஊரில் ஓராண்டு படித்துவிட்டு வந்த பையன், இரண்டாம் வகுப்பில் கடைசி வரிசை. மற்ற இலக்கங்களைப் பழகிக்கொண்டான். நாலு வரும் இடத்தில் மட்டும் எட்டு. இரண்டும் இரண்டும் எட்டு. மூன்றும் ஒன்றும் எட்டு. சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கை ஓய்ந்ததாம். "நாலு விரலைக் காட்டுடா என்றால் சரியாகக் காட்டுவான். எழுது என்றால் எட்டு எழுதுவான். திமிர் என்று நினைத்தேன். வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன்." மறு ஆண்டு அந்தக் குடும்பம் எங்கோ போய்விட்டது.

எங்களில் மற்றவர் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கி விட்டுவிட்டார். தெரியாமல் செய்ததுதான். ஆனால் முப்பது ஆண்டு கற்பித்தவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததா அது?

வாசகர்கள் அறிந்திருக்கக்கூடிய கதை ஒன்று உண்டு. எட்டு வயது வித்யாசாகர், பீர்சிங்க கிராமத்திலிருந்து தந்தையோடு கல்கத்தாவுக்கு நடந்து வருகிறான். சாலையோரம் அம்மியைப் போல் ஏன் கல் நட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறான். மைல்கல் என்கிறார் தந்தை. கல்லுக்குக் கல் ஆங்கில எண்களைப் படித்துக்கொண்டே வருகிறான். சோதிப்பதற்காகத் தந்தை ஆறாம் கல்லை அவன் பார்க்காமல் கடத்திவிட்டு, அடுத்ததைக் காட்டி என்னவென்று கேட்கிறார். ஆறு என்று இருக்க வேண்டும், தவறாக ஐந்து என்று வெட்டியிருக்கிறார்கள் என்கிறான் பையன். தந்தை மகிழ்ந்து போகிறார். தவறு கல்லில் இருக்கலாம் என்று ஒரு குழந்தை சொல்ல, அதைக் கேட்டு மகிழ ஒருவர் பக்கத்தில் இருந்தார். திருப்பூர்ப் பையனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

திங்களன்று மாலை, பாபு காட்டிலிருந்து படகில் ஹவுரா போனோம். 1943இல் திறந்த பாலம், ஆணியறைந்து கோத்த எஃகு, தலைக்குமேல் நெருங்கி வந்தது. அதைவிட, படகுத்துறைச் சுவரில் எழுதியிருந்த ஒரு தொலைபேசி எண்ணைத்தான் நாங்கள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து இலக்கங்களில் ஏழைப் படித்துவிட்டோம். அருகிலிருந்த சிறுமி மற்ற மூன்றையும் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் பிழையாகத் திருப்பிச் சொன்னபோது கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னாள்.

செவ்வாயன்று விண்ணப்பம் கொடுக்கப்படவில்லை. கிழித்துவிடவும் இல்லை. அது வர்ணபரிசயின் முதல் பாகத்துக்குள் அடையாளத் தாளாக இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் ஒரு பக்கம் நகர்கிறது.