தூண்டிலும் மகனின் கேள்வியும்



இங்கிலாந்துக்குக் குடிவந்த நான்காம் ஆண்டில், பதினொரு வயது மகனின் வற்புறுத்தலால் நாங்கள் தூண்டில் போடக் கற்றுக்கொண்டோம். சால்மன், டிரவுட் தவிர்த்த ஏனைய நன்னீர் மீன்களைப் பிடிப்பதை இந்நாட்டார் 'கோர்ஸ் ஃபிஷிங்' என்பர். ரோச், பெர்ச், பிரீம், டெஞ்ச், கெண்டை முதலியன இவ்வகையில் அடங்கும்.

இங்கு 13 வயது நிறைந்தவர் எவரும் அரசின் உரிமச்சீட்டு இன்றித் தூண்டில் போடலாகாது. மகனுக்கு அது தேவைப்படவில்லை. எங்களுக்கு மட்டும் எடுத்தோம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம். நாங்கள் தொடங்கியதோ ஏப்ரலில். ஆகவே கட்டணம் செலுத்தி ஒரு தனியார் குளத்துக்குச் சென்றோம்.

அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் தடுமாற்றத்தைக் கண்டு இரங்கி ஆசிரியரானார். எண் கூடக் கூட முள் சிறிதாகும். தொடங்குவோருக்கு 16 அல்லது 18 போதும். மீனின் வாய் கிழியாதிருக்க, எதிர்க்கூர் இல்லாத முள்ளையே பயன்படுத்த வேண்டும். முதலில் முள்ளில் எடைக்குண்டைக் கட்டி ஆழம் பார்த்து, இரை அடித்தரையைத் தொடுமாறு மிதவையை நகர்த்த வேண்டும். புழுக்களைச் சிறிது சிறிதாகத் தூவி மீன்களை அழைக்க வேண்டும். உலர்ந்த கை மீனின் மேற்பூச்சை உரித்துவிடுமாதலால், கையை நனைத்த பின்னரே அதைத் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிதவையிலிருந்து கண்ணை எடுக்கலாகாது.

அந்தக் கடைசிப் பாடத்தில்தான் தவறினோம். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மிதவை மூழ்கியது. கோலைத் தூக்கியபோது ஒரு பெர்ச் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தது. முதியவர் தம்மிடமிருந்த கருவியால் முள்ளை மெல்ல எடுத்தார். நீரில் விட்டோம். அது நீந்தவில்லை; பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"வாப்பா, சாப்பிடப்போவதில்லை என்றால் இதை ஏன் பிடித்தோம்?" என்றான் மகன்.

அக்குளத்தில் பிடித்தவற்றைத் திரும்ப விட வேண்டும் என்பது விதி. ஆனால் அவன் கேட்டது குளத்தின் விதியைப் பற்றியன்று. உண்பதற்காக மீன் பிடிப்பது ஹலால் என்பதில் ஐயமில்லை. உயிருள்ளதை இலக்காக வைத்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்பதையும் சிறுவயதில் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. வீடு திரும்பும் வழியில் எவரும் பேசவில்லை. தூண்டிற்கோல் இரண்டு மாதங்கள் மாடிப்படியின் கீழ்க் கிடந்தது.

விதிகளை மீண்டும் வாசித்தபோது ஒரு வழி தென்பட்டது. நீருக்கு உரியவர் இசைந்தால், ஆற்றில் 20 சென்டிமீட்டர் வரையுள்ள சிறு மீன்களை, ரோச், பெர்ச் போன்றவற்றை, ஒருவர் ஒரு நாளில் 15 வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. உண்ணக்கூடியதை மட்டும் பிடிப்பது, தேவை நிறைந்ததும் எழுந்துவிடுவது, மிதவை நீரில் உள்ளவரை கைபேசியைத் தொடாதிருப்பது என்று மூவரும் முடிவு செய்தோம்.

தடைக்காலம் முடிந்த பின், அனுமதி பெற்று ஆற்றங்கரைக்குச் சென்றோம். லுஹர் தொழுதுவிட்டுத் தூண்டில் போட்டோம். இரண்டு மணி நேரத்தில் மூன்று பெர்ச் கிடைத்தன. நான்காவதாக இரையைக் கோக்கப் போனபோது மகன் தடுத்தான்.

"மூன்று பேருக்கு மூன்று போதும், வாப்பா."

மீன்கள் இன்னும் கரையோரம் துள்ளிக்கொண்டிருந்தன. அவனோ அதற்குள் நூலைச் சுற்றத் தொடங்கிவிட்டான். அன்றிரவு மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்தோம். முள் மிகுதி, ஆயினும் ஒரு துண்டும் மீதமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகளுடன் இதைத் தொடங்க எண்ணும் குடும்பங்கள், கோலும் முள்ளும் வாங்குமுன் அந்தக் கேள்வியை வீட்டிலேயே பேசிக்கொள்வது நலம். எங்களுக்கு அதைக் கற்பிக்க ஒரு மீன் சாக வேண்டியிருந்தது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.