வேடன் இல்லாத வேடந்தாங்கல்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். நாங்கள் போனபோது மணல்தான் அதிகம் கூடியிருந்தது. ஓரமாகத் தேங்கிய தண்ணீரில் நாலு நாரைகள்.

"தாத்தாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸோட வீட்ல இருக்குடா. வாத்து சுட எந்தத் தோட்டா நல்லது?" என்றான் நண்பன்.

"ஜெயிலுக்குப் போக எந்தத் தோட்டாவும் நல்லதுதான்!" என்றேன். 1972 வனவிலங்குச் சட்டம் அப்படி.

வெளிநாட்டில் இது பெரிய தலைவலி. வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கப் பொடிக் கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கிற ஈயக் குண்டையும் கல்லென்று விழுங்கி, விஷமேறிச் சாகும். அதனால் 1991ல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றது அமெரிக்கா. எஃகுக் குண்டு போட்டால் தாத்தா காலத்துக் குழல் கெட்டுப்போகலாம். பிஸ்மத் மிருது, விலைதான் கடினம்!

நம்மூர் விவசாயிகள் போட்ட கணக்கே வேறு. இங்கிருந்து தெற்கே வேடந்தாங்கல். பெயரிலேயே வேடன் இருக்கிறான். அங்கே வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரே திரண்டு கலெக்டரிடம் முறையிட்டது. 1798ல் சுடக்கூடாதென்று உத்தரவும் வாங்கிவிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு இலவச உரமாச்சே! முதலில்லாத லாபம்.

பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டைக் காட்டினேன். 11ம் நூற்றாண்டிலேயே இங்கே 15 படுக்கை ஆஸ்பத்திரி!

"ஈயம் தின்ற வாத்துக்கு எந்த ஆஸ்பத்திரிடா?" என்றேன்.

நண்பன் நாரைகளையே பார்த்தான்.

"துப்பாக்கி ஆணியிலேயே தொங்கட்டும். வா, காபி சாப்பிடலாம்."