கோதுமைக்கு எத்தனை பெயர்?

எகிப்து மக்கள் ரொட்டியை 'ஐஷ்' என்று அழைக்கின்றனர். பிற அரபு நாடுகளில் பெரும்பாலும் 'குப்ஸ்' என்று வழங்குவது அங்கே 'ஐஷ்' ஆகிவிடுகிறது. அரபு அகராதியைப் புரட்டினால் 'ஐஷ்' என்பதற்கு 'வாழ்வு' என்று பொருள் எழுதியிருக்கும். ரொட்டியையும் வாழ்வையும் ஒரே சொல்லால் குறிக்கும் மக்களிடம் ரொட்டி எத்துணை உயர்ந்த இடம் பெற்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1977 ஜனவரியில் உணவுப் பொருள்களின் மானியம் குறைக்கப்படும் என்று அறிவிப்பு வந்ததும் கெய்ரோ, இஸ்கந்தரிய்யா நகர்களில் மக்கள் தெருவில் இறங்கினர். அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2011ஆம் ஆண்டு எழுச்சியின் முழக்கத்திலும் முதற்சொல் 'ஐஷ்'தான். 'ஹுர்ரிய்யா' என்னும் விடுதலை அதற்குப் பின்னரே வந்தது.

அத்தகைய நாட்டிற்கு, ரொட்டியில் ஒரு விள்ளல் உண்டாலும் நோயுறும் நம் துணைவியாரை அழைத்துக்கொண்டு 2019 டிசம்பரில் சென்று வந்தோம். மகன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். பதினாறு நாட்கள் தங்கினோம். பிரமிடுகளைப் பற்றி எழுதியோர் பலர். நாம் எழுதப் போவது சோற்றைப் பற்றி.

அவருக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. பரோட்டா மாவை இழுக்க இழுக்க அறுந்து போகாமல் நீளச் செய்வது அதுவே. இந்நோயாளரின் உடலில் அப்புரதம் புகுந்தால், உடலின் காவற்படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. இரும்புச் சத்து குறைந்து இரத்தச் சோகை வரும், எலும்பு நலியும். இதனைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயுள் முழுவதும் அத்தானியங்களை விலக்கி உண்பதே மருத்துவம். டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். அதற்கு முன்னர் எத்தனை குழந்தைகள் காரணம் அறியாமல் மெலிந்து மாய்ந்தனவோ!

நம் தென்னாட்டில் இது அரிது. 2016இல் வெளியான ஆய்வொன்று, வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு இருக்கும் இந்நோய் தென்னாட்டில் பதினாயிரம் பேரில் ஒருவர் அளவிலேயே காணப்படுகிறது என்று கணக்கிட்டது. அரிதாய் இருப்பதே தொல்லை. நம் வீட்டில் நான்கு ஆண்டுகள் வெறும் இரத்தச் சோகை என்றே மருந்து தந்தனர். கண்டறிந்த பின் ஊரில் வாழ்வது கடினமாயில்லை. நாம் சோறு உண்ணும் மக்கள். பரோட்டா, சேமியா, ரவை போயின. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று தெரிந்த நாளில் அதுவும் போயிற்று. வேறு பெரிய இழப்பு இல்லை.

வெளிநாட்டில்தான் நாம் கற்ற மொழிக்கே சோதனை வந்தது.

மதரஸாவில் ஃபித்ராவைப் பற்றிய பாடத்தில் தானியங்களின் பெயர்களை மனனம் செய்தது நினைவிருக்கிறது. புர்ரு என்றாலும் கோதுமை, ஹின்தா என்றாலும் கோதுமை, கம்ஹ் என்றாலும் கோதுமை. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் எதற்கு என்று அன்று சலித்துக்கொண்ட மாணவர்கள் உண்டு. இன்று வளைகுடாக் கடைகளில் 'குப்ஸ் புர்ரு' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். ஈராக்கியர் ஹின்தா என்பர். எகிப்தியர் கம்ஹ் என்பர், அதிலும் கெய்ரோவாசிகள் காஃப் எழுத்தை விழுங்கிவிட்டு 'அம்ஹ்' என்பர். இம்மூன்றையும் அறிந்தால் போதுமா எனில், போதாது. ஃபரீக் என்பது பச்சையாக அறுத்துத் தீயில் வாட்டிய கோதுமை. புர்குல் என்பது வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை. ஸமீத் என்பது ரவை. தகீக் என்றால் மாவு. எந்த மாவு என்று சொல்லாவிட்டால் கோதுமை மாவு என்றே கொள்ள வேண்டும். 'லிசான் அஸ்ஃபூர்' என்றொரு சூப்பு உண்டு. சிட்டுக்குருவியின் நாக்கு என்று பொருள். ஏதோ பறவை இறைச்சி என்று எண்ணத் தோன்றும். குருவி நாக்கின் வடிவில் சமைத்த கோதுமைப் பண்டம் அது. இவற்றுள் எதன் பெயரிலும் கோதுமை இல்லை.

இன்னொரு விந்தை. எகிப்தில் ரொட்டியைக் குறிக்கும் 'ஐஷ்' வளைகுடா நாடுகளின் பேச்சு வழக்கில் சோற்றைக் குறிக்கும். குவைத்தில் அவருக்கு அமுதாகும் சொல் கெய்ரோவில் நஞ்சாகிவிடுகிறது.

சோறு என்று கேட்டு வாங்கினால் தப்பித்துவிடலாமே என்று வாசகர்கள் எண்ணலாம். நைல் கழிமுகத்தில் நெல் விளைகிறது. எகிப்தியர் சோற்றை விரும்பியும் உண்கின்றனர். ஆனால் அவர்கள் வீடுகளில் பெரிதும் சமைப்பது 'ருஸ் பிஷ்ஷஃரிய்யா'. சேமியாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, அதன்மேல் அரிசியைக் கொட்டி வேகவைப்பார்கள். தட்டில் பார்த்தால் வெண்சோற்றினூடே பழுப்பு நிற இழைகள் தெரியும். ஷஃரிய்யா என்பது 'ஷஃர்' என்னும் மயிரிலிருந்து வந்த சொல். வாற்கோதுமையின் பெயரான 'ஷஈர்' என்பதும் அதே வேர்தான். கதிரின் மீசையைப் பார்த்து வைத்த பெயர் போலும். நோயாளருக்கு ஆகாத இரண்டும் ஒரே வேரில் நின்றதை மகனிடம் சொல்லி வியந்தோம். "வாப்பா, இலக்கணத்தை அப்புறம் பார்க்கலாம், உம்மாவுக்குப் பசிக்கிறது" என்றான்.

புறப்படுமுன் செய்தவற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். புழுங்கலரிசி, இடியாப்ப மாவு, அவல், வறுத்த பயறு, தூய மிளகாய்த்தூள், மஞ்சள், ஒரு சிறிய மின் சோற்றுப்பானை ஆகியவை பெட்டியில் ஏறின. எகிப்தின் மின்னழுத்தம் நம் நாட்டைப் போன்றதே. ஆதலின் பானைக்கு இடையூறில்லை. விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவு வேண்டுமெனில் பயணத்திற்கு ஒருநாள், இருநாள் முன்னதாகவே பதிய வேண்டும். ஒருவருக்கு ஒரு தனியுணவுதான் பதிய முடியும் என்றனர். முஸ்லிம் உணவு என்று பதிந்தால் குளூட்டன் இல்லா உணவு கிடையாது. சமைப்பதெல்லாம் ஹலாலாகவே இருக்கும் வளைகுடா விமானத்தைத் தேர்ந்து இச்சிக்கலை அவிழ்த்தோம். போகும்போது தட்டு சரியாக வந்தது. ஆனால் அத்தட்டின் ஓரத்தில் எல்லோருக்கும் தருவது போல ஒரு கோதுமை ரொட்டியையும் வைத்திருந்தனர்! திரும்பும்போது அத்தட்டே வரவில்லை. கைப்பையிலிருந்த அவலும் பேரீச்சம்பழமும் அவருக்குத் துணையாயின. விமானத்தின் வாக்குறுதியை நம்பி வெறுங்கையோடு ஏறுவது அறிவுடைமை ஆகாது என்பதே நம் துணிபு.

மதீனத்து நஸ்ர் பகுதியில் அடுப்படியுள்ள வீடொன்றை மகன் வாடகைக்கு அமர்த்தியிருந்தான். அங்கிருந்த மரக் கரண்டி, மரப்பலகை, சல்லடை ஆகியவற்றை முதல் நாளே ஓரமாக எடுத்து வைத்தார் துணைவியார். மரத்தின் வெடிப்பிலும் சல்லடைக் கண்ணிலும் பழைய மாவு தங்கியிருக்கும். இரண்டு பாத்திரமும் ஒரு கரண்டியும் புதிதாய் வாங்கினோம்.

உணவகங்களில் ஒரு சொல்லுக்கு அஞ்சினோம். 'ஷுவய்யா' என்பது அச்சொல். 'கொஞ்சம்' என்று பொருள். "இதில் மாவு உண்டா?" என்று கேட்டால், "ஷுவய்யா, ஒன்றும் செய்யாது" என்று பரிவோடு சொல்வார்கள். அரபு மருத்துவர்கள் இந்நோயை 'அத்தாஉல் பத்னீ' என்று எழுதுவர். வயிற்று நோய் என்பது பொருள், கிரேக்கப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. மக்களோ 'ஹஸ்ஸாஸிய்யத்துல் கம்ஹ்', அதாவது கோதுமை ஒவ்வாமை என்கிறார்கள். இந்தப் பெயரே கேட்பவரை வழிதவறச் செய்கிறது. ஒவ்வாமை எனில் தும்மலோ தடிப்போ வந்து அடங்கும் என்று எண்ணுகிறார்கள். வாற்கோதுமை ஆகும் என்றும் எண்ணுகிறார்கள். உண்மை அளவு வேறு. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பண்டத்தைச் சொல்ல வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக உணவுத் தரம். நாள்தோறும் 50 மில்லிகிராம் உட்சென்றாலே குடல் கெடுவதை 2007இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் குளூட்டன் இருக்கும் எனக் கொண்டால், இது அதில் நாற்பதில் ஒரு பங்கு. ஜகாத்தில் நமக்குப் பழகிய அதே கணக்கு!

ஆகவே 'தஃமிய்யா' என்னும் அவரை வடையை, அவரை மட்டுமே சேர்த்ததென்று உறுதி பெற்ற இடத்திலும், அதே எண்ணெயில் வேறு மாவுப் பண்டம் பொரித்திருந்தால் விட்டுவிட்டோம். குஷரீ என்னும் புகழ்பெற்ற உணவில் அரிசி, பருப்போடு மாக்கரோனியும் கலப்பதால் அதன் பக்கமே போகவில்லை. சுட்ட இறைச்சி, சுட்ட மீன், தயிர், பழம், ஒலிவக்காய் ஆகியவை வெளியில் அவருக்கு உணவாயின. அரிசி அடைத்த திராட்சையிலைச் சுருளை ஓரிடத்தில் அச்சமின்றி உண்டார். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சி பிரமிடைப் பார்த்தபோது இல்லை.

உணவகத்தில் மறுப்பது எளிது. காசு கொடுப்பவர் நாம். வீட்டில் மறுப்பதுதான் கடினம். மகனின் வகுப்புத் தோழரின் தாயார் நம்மை விருந்துக்கு அழைத்தார். முன்னரே மகன் விளக்கியிருந்தான். அவ்வம்மையார் ரொட்டியை மேசைக்கே கொண்டு வரவில்லை. எகிப்தில் விருந்து மேசையில் ரொட்டியில்லை என்பது நம் விருந்தில் பிரியாணியில்லை என்பது போல. மற்றவர்களுக்கு ஷஃரிய்யா சோறும், துணைவியாருக்கென்று வேறு பாத்திரத்தில் வெறும் சோறும், முலூகிய்யா கீரைக் குழம்பும், கோழியும் ஆக்கியிருந்தார். "ஹாஜ்ஜாவுக்குத் தனியே வைத்திருக்கிறேன்" என்று பெருமையோடு நம்மிடம் காட்டினார். பிறகு ஷஃரிய்யா சோற்றைக் கிளறிய கரண்டியாலேயே வெறும் சோற்றையும் கிளறினார்.

துணைவியார் பார்த்துவிட்டார். நாமும் பார்த்தோம். ஊரில் ஒரு நிக்காஹ் விருந்தில், பரிமாறியவர் மனம் நோகக்கூடாதென்று ஒரு வாய் வாங்கி உண்டு, ஒரு வாரம் அவர் படுத்த படுக்கையாய்க் கிடந்ததுண்டு. இங்கும் அப்படியே வாய்மூடி உண்டுவிடுவாரோ என்று அஞ்சி நாம் பேச வாயெடுக்குமுன், அவர் எழுந்து சென்று அவ்வம்மையாரின் மணிக்கட்டை மெல்லப் பற்றினார். பயணத்திற்கென்று மனனம் செய்து வைத்திருந்த ஒரே அரபு வாக்கியத்தைச் சொன்னார்: "அல்கம்ஹு யும்ரிளுனீ." கோதுமை என்னை நோயுறச் செய்கிறது. பிறகு கரண்டியைச் சுட்டிக் காட்டினார்.

அவ்வம்மையார் கரண்டியைப் பார்த்தார். அதன் விளிம்பில் ஒரு பழுப்பு இழை ஒட்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. வெறும் சோற்றுப் பாத்திரத்தை அப்படியே ஷஃரிய்யாவில் கவிழ்த்தார். கையைக் கழுவினார், வேறு பாத்திரத்தைக் கழுவினார், புதிதாய் அரிசி களைந்து வைத்தார். நாம் எல்லோரும் காத்திருந்தோம். அஸருக்குப் பாங்கு சொல்லித் தொழுகையும் முடிந்த பிறகே உண்ண அமர்ந்தோம். அச்சோற்றை அவ்வம்மையார் தம் கையாலேயே துணைவியாரின் தட்டில் இட்டார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஆயினும் அன்று மாலைவரை அடுப்படியில் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

மனம் நோகும் என்று மறைப்பதை விருந்தோம்பலுக்குச் செய்யும் மரியாதை என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. பின்னர் செய்தி தெரிந்தால் விருந்தளித்தவருக்கு நேரும் வருத்தமே பெரிது.

வெளியூர் செல்லும் இந்நோயாளர் பலர், தாம் உண்ணலாகாதவற்றை அந்நாட்டு மொழியில் எழுதிய அட்டையொன்றைக் கையில் வைத்திருப்பர். நம் துணைவியாருக்கும் மகன் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தான். கோதுமை, வாற்கோதுமை, ரை என்று மட்டும் இருந்ததில் ஃபரீக், புர்குல், ஸமீத், ஷஃரிய்யா, லிசான் அஸ்ஃபூர் என்று நாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பொரித்த எண்ணெய் என்றும் ஒரு வரி எழுதினோம். விருந்துக்கு மறுநாள் அவர் அட்டையை நீட்டி, கரண்டிக்கு இவ்வூரில் என்ன சொல் என்று கேட்டார். நூல்களில் 'மிஃக்ரஃபா' என்று வரும் என்றோம். மகன் சிரித்துவிட்டு, "இங்கே 'கப்ஷா' என்றால்தான் உம்மா, புரியும்" என்றான். அட்டையின் கடைசி வரியில் இரண்டும் இருக்கின்றன.